சன்னலுக்கு நேரே நின்ற செடி

அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வந்திருந்தால் முதலில் போய் அணைத்துவிட்டு வாருங்கள். நடுவில் எழுந்து போகிறவர்களுக்கு நான் திரும்பச் சொல்வதில்லை.

கோத்தகிரியில் அலோசியஸ் என்றொருவர். அவர் மனைவி ரெஜினா சமையலறைச் சன்னலுக்கு நேரே ஒரு ரெட் கரண்ட் செடி வளர்த்தாள். கரண்ட் என்றதும் மின்வாரியத்தை நினைக்க வேண்டாம். குளிரில் மட்டுமே பிழைக்கும் சீமைச் செடி அது. கொத்துக் கொத்தாகச் சிவப்பு மணிகள் போலப் பழம், வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே விதை தெரியும். ரெஜினா அதை ஒரே தண்டின் மேல் குடைபோல நிறுத்தியிருந்தாள். அடியில் கிளம்பும் துளிரையெல்லாம் கிள்ளிவிடுவாள். ஜனவரியில் இலை கொட்டியதும் வளைந்த கத்தியோடு இறங்கி, நடுவில் காற்றுப் போகும்படி தானே கிளைகளைக் கழித்துவிடுவாள்.

ஒரு நவம்பரில் ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது சொன்னாள்: "செடியில யாரும் கத்தி வைக்காதீங்க. நான் வந்து பார்த்துக்கிறேன்."

"யாரையும் வைக்க விடமாட்டேன்," என்றார் அலோசியஸ்.

அவள் வரவில்லை.

சில வருஷம் கழித்து அவர் செலஸ்டினைக் கட்டிக்கொண்டார். முதல் நாள் காலையில் காப்பி போடும்போது அவள் சன்னல் வழியே பார்த்தாள். மூடுபனிக்குள் ஒரு பெண் தலைவிரித்து நின்றாள். பனி விலகியதும் செடி. கழிக்காமல் விட்டதில் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. பட்ட கிளைகளில் அம்மை போட்டதுபோல இளஞ்சிவப்புப் புள்ளிகள்.

"என்னங்க, கொஞ்சம் கழிச்சுவிட்டா என்ன? உள்ள காத்தே போகலை."

"வாக்குக் கொடுத்திருக்கேன்."

அதோடு பேச்சு முடிந்தது. அலோசியஸ் தினமும் காப்பி ஆறும்வரை சன்னலோரம் நிற்பார். செலஸ்டினை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இந்தாம்மா"தான். அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்த வீட்டில் தன் பெயர் ஒருமுறை ஒலிப்பது. அதுகூடக் கிடைக்காமல், சன்னலுக்கு முதுகைக் காட்டியே சமைத்தாள். முதுகில் யாரோ பார்ப்பது உறைத்துக்கொண்டே இருந்தது.

ஒரு ஜனவரியில் ரெஜினாவின் அக்கா பெனடிக்டா வந்தாள். செலஸ்டின் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே, "என் தங்கச்சி செடி இப்படிப் பட்டுப்போகுதுன்னா, சன்னல் வழியா யாரோ பார்க்கிற பார்வை அப்படி," என்றாள். தம்ளரைக் கழுவக்கூட இல்லை. அலோசியஸ் பூசைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அரிவாளை எடுத்துச் செடியைத் தரையோடு வெட்டிச் சாய்த்தாள்.

அவள் படித்த கான்வென்ட் தோட்டத்தில் கறுப்புக் கரண்ட் செடிகளை இப்படித்தான் வெட்டுவார்கள். மண்ணுக்கடியிலிருந்து புதுசாய்க் கிளம்பும். கறுப்புக்கும் சிவப்புக்கும் நிறம் மட்டும்தான் வேறு என்று நினைத்துவிட்டாள்.

"மார்ச்சில பாருங்க தம்பி, எப்படித் துளிர்க்குதுன்னு," என்றாள், பூசை முடிந்து வந்த அலோசியஸிடம்.

மார்ச் வந்தது. மழையும் வந்தது. துளிர் வரவில்லை.

செலஸ்டினுக்கு நிம்மதி என்றுதானே நினைக்கிறீர்கள்? செடி நின்றவரை ரெஜினா வெளியே இருந்தாள். இப்போது உள்ளே வந்துவிட்டாள். அலோசியஸ் பின்கதவைத் தாழிட விடவில்லை. "அவ வந்தா?" என்றார். மேசையில் மூன்றாவது தம்ளர் வைத்தார். ஆறிப்போன அந்தக் காப்பியைத் தினமும் கொட்டிக் கழுவியது செலஸ்டின்.

ஆனால் ஒன்று. வெட்டிய அன்றே அவள் குப்பையிலிருந்து நோயில்லாத குச்சிகளைப் பொறுக்கி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஊன்றியிருந்தாள். யாருக்கும் சொல்லவில்லை. வெட்டுண்டு கிடந்த பெரிய கிளைகளில் பழைய வெட்டுத் தழும்புகள் இருந்தன. ரெஜினாவின் கத்தி எங்கே நின்றது, எந்தப் பக்கம் சாய்ந்தது என்று விரலால் தடவித் தடவிப் படித்துக்கொண்டாள். குச்சிகளில் ஒன்று வேர் பிடித்தது. சில வருஷத்தில் இடுப்பளவு நின்றது.

மறுபடி ஒரு ஜனவரி. விடிந்தும் விடியாத மூடுபனி. தலையில் கம்பளித் துண்டைக் கட்டிக்கொண்டு, அந்த வளைந்த கத்தியால் செலஸ்டின் செடியைக் கழித்துக்கொண்டிருந்தாள். பின்னால் காலடி.

"ரெஜி," என்றார் அலோசியஸ். "வந்துட்டியா?"

கத்தி நின்றது. அவள் திரும்பவில்லை.

"வந்துட்டேன். உள்ள போங்க, பனி."

அன்று முதல் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் விழுந்தது. மூன்றாவது தம்ளர் அலமாரிக்குப் போனது.

இப்போது சொல்லுங்கள். கத்தியே படாமல் காத்த அலோசியஸ், பாசத்தில் வெட்டிய பெனடிக்டா, இன்னொருத்தி பெயருக்குப் பதில் சொன்ன செலஸ்டின். இவர்களில் ரெஜினாவின் சொல்லைக் காப்பாற்றியது யார்?

விடை: செலஸ்டின். வருஷா வருஷம் தானே கத்தி எடுத்த ரெஜினாவுக்குக் கத்தியிடம் என்ன பயம்? தெரியாத கையிடம்தான் பயம். அவள் சொன்னதில் "நான் வந்து பார்த்துக்கிறேன்" என்பதும் இருந்தது. அதை அலோசியஸ் காத்திருக்கும் சாக்காக்கிக்கொண்டார். பெனடிக்டாவின் கை, தெரியாத கை. ஊன்றிய கிளை வேறு செடி ஆகாது, அதே செடிதான். அதை ரெஜினாவின் தழும்பு பார்த்துக் கழித்தவள் ஒருத்திதான். அலோசியஸ் இப்போது சன்னலோரம் நிற்பதில்லை. காப்பியை வாங்கிச் சூடாகவே குடிக்கிறார். "இன்னிக்கு நல்லா இருக்கு, ரெஜி," என்கிறார்.

செலஸ்டின் ம் கொட்டுகிறாள்.