நாலாம் காவலர் பிடித்த துண்டு

சகாயமேரி என்ற ஐம்பத்து நான்கு வயதுப் பெண்ணின் தலைக்குள், காதுக்கு உள்பக்கம் சற்று ஆழத்தில், ஒரு சிறிய தெரு இருந்தது. அந்த வயதிலும் அங்கே புதுச் செல்கள் பிறந்தன. அப்படிப் பிறந்த ஒன்றின் பெயர் அரும்பு.

அரும்பு இன்னும் எதுவாகவும் ஆகவில்லை. சில வாரங்களுக்குள் நூல் விட்டு வளர்ந்து, பழைய நரம்புகளோடு கைகோத்துக்கொண்டால் அதுவும் ஒரு நரம்பு. முடியாவிட்டால் கரைந்து போகும்.

அதன் தோலில் இரண்டு காவலர்கள் நின்றார்கள். உடம்பு முழுக்க அவர்களுடைய ஆட்கள் உண்டு. கிருமி வந்தால் கண்டுபிடித்துச் சொல்வதுதான் அவர்களுடைய வேலை. பெயர் கிடையாது, எண் மட்டும்தான்: இரண்டாம் காவலர், நாலாம் காவலர். கண்ணும் கிடையாது. மிதந்து வருவதைக் கையால் தடவிப் பார்ப்பார்கள். கைக்குப் பொருந்தினால் குரல் கொடுப்பார்கள்.

இந்தத் தெருவில் மட்டும் அவர்களுக்கு இன்னொரு வேலையும் சேர்ந்திருந்தது. புதுச் செல்கள் வளர்வதும் நிற்பதும் அவர்கள் குரலைப் பொறுத்தது. இரண்டாமவர் "வளரு" என்பார். நாலாமவர் "நில்லு" என்பார். இதை அவர்களிடம் ஒப்படைத்தது யார் என்று தெருவில் யாருக்கும் தெரியாது.

வெளியே சகாயமேரிக்கு ஒரு சிக்கல் இருந்தது. அவள் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் புதிதாகக் குடிவந்திருந்தாள். எட்டு பிளாக்குகளுக்கும் ஒரே மஞ்சள் சுவர், ஒரே படிக்கட்டு, ஒரே பச்சைக் கதவு. டி பிளாக்கில் குடியிருப்பவள் சி பிளாக்கில் ஏறி, மூன்றாம் மாடியில் கமீலா வீட்டுப் பூட்டில் தன் சாவியைத் திருகிக்கொண்டிருப்பாள். கமீலா முதலில் பயந்தாள். பிறகு பழகிவிட்டது.

"அக்கா, இந்த வாரத்துல இது மூணாவது தடவை. வந்தது வந்தீங்க, இந்த வெங்காயத்தை உரிச்சுக் குடுத்துட்டுப் போங்க" என்பாள். சகாயமேரியும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து உரிப்பாள்.

திருப்பூரில் இருந்த மகள் பவுலினுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு மாதம் பார்ப்பேன், அப்போதும் இப்படியே இருந்தால் வீட்டைக் காலி செய்துவிட்டு என்னோடு வந்துவிட வேண்டும் என்று போனில் சொல்லிவிட்டாள். பள்ளிச் சத்துணவுக் கூடத்துச் சமையல் வேலையையும், தனக்கென்று இருந்த அந்த ஒற்றை அறை வீட்டையும் விட சகாயமேரிக்கு மனமில்லை.

ஒன்றுபோல் இருக்கும் இரண்டு படிக்கட்டுகளை வேறு வேறு என்று பிரித்து வைப்பது தலைக்குள் இருந்த அந்தச் சிறு தெருவின் வேலை. பழைய நரம்புகளுக்கு எல்லாப் படிக்கட்டும் ஒன்றுதான். வித்தியாசம் தெரியப் புதியவை வேண்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கிருமியின் துண்டு ஒன்று கையில் பட்டதும் நாலாமவர் "நில்லு" என்றார். தெருவே நின்றது. அப்போது அது சரியான உத்தரவுதான். உடம்பு சண்டையில் இருந்தது.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. அதன் பிறகு பத்து நாள் ஆகியும் நாலாமவர் உத்தரவைத் திரும்பப் பெறவில்லை. அரும்போடு பிறந்தவை ஒவ்வொன்றாகக் கரைந்தன. அரும்பின் தோலும் மெலியத் தொடங்கியது.

இரண்டாமவர் பொறுமை இழந்தார். அதிகாரம் கையில் இருக்கிற ருசி உனக்கு விட்டுப்போகவில்லை என்றார். கிருமியைப் பார்த்துக்கூட வளரு என்று சொல்கிற ஆள் நீ என்றார் நாலாமவர்.

"காய்ச்சல் போயிடுச்சுப்பா" என்றார் இரண்டாமவர்.

"போயிடுச்சா? அப்ப என் கையில இருக்கிறது என்ன?"

அவர் கையில் உண்மையாகவே ஏதோ ஒரு துண்டு இருந்தது. ஒன்று போனால் இன்னொன்று வந்தது. எல்லாம் அவர் கைக்கு அச்சாகப் பொருந்தின. அவர் பொய் சொல்லவில்லை.

அதுவரை அரும்பு பேசியதில்லை. காவலர்கள் பேசும்போது குறுக்கே பேசலாமா என்று அதற்குத் தெரியவில்லை. இப்போது கேட்டது:

"அண்ணே, அதை நான் ஒரு தடவை தொட்டுப் பாக்கலாமா?"

துண்டுகளைக் காவலர்கள் மட்டும்தான் தொடுவது வழக்கம். நாலாமவர் யோசித்தார். பிறகு ஒரு முனையை மட்டும் நீட்டினார்.

அரும்பு தொட்ட கையை எடுக்கவில்லை.

"இது கிருமி இல்லண்ணே. எனக்குப் பக்கத்துலயே பொறந்துச்சே, அது. நீங்க நில்லுன்னதும் நின்னுச்சு. நின்ன இடத்துலயே கரைஞ்சிடுச்சு. அதோட துண்டு இது."

நாலாமவர் துண்டை மறுபடி தடவினார். ஒருமுறை அல்ல, பலமுறை.

"அப்ப நான் நில்லு நில்லுன்னு சொல்லச் சொல்ல..."

"துண்டு வந்துக்கிட்டேதான் இருக்கும்ணே."

 

நாலாமவர் கையைத் திறந்தார். துண்டு மிதந்து போயிற்று. "வளரு" என்று சொல்ல அவருக்குத் தெரியாது. "நில்லு" என்று சொல்லாமல் இருந்தார். "வளரு" என்பதை இரண்டாமவர் சொன்னார். அரும்பு பயந்து பயந்து முதல் நூலை விட்டது.

பவுலின் சொன்ன இரண்டு மாதம் முடிந்தது. அவள் ஒரு காலிப் பெட்டியோடு வந்தாள். அன்று மாலை அம்மாவைப் பள்ளி வாசலிலிருந்து நடக்கவிட்டு, வழி எதுவும் சொல்லாமல் பின்னாலேயே வந்தாள். சி பிளாக் வாசலில் சகாயமேரியின் கால் ஒரு கணம் தயங்கியது. பிறகு அது டி பிளாக்குக்குப் போயிற்று. எப்படித் தெரிந்தது என்று மகள் கேட்டாள். அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் காலை பவுலின் காலிப் பெட்டியோடு திரும்பினாள்.

அடுத்த மழைக்காலத்தில் மறுபடி காய்ச்சல் வந்தது. நாலாமவர் மறுபடி "நில்லு" என்றார். ஆனால் காய்ச்சல் இறங்கிய அன்றே, துண்டுகள் இன்னும் வந்து வந்து கையில் மோதிக்கொண்டிருக்க, கையை மூடாமல் நின்றார். கிருமியைப் பிடித்ததைவிட அதற்குத்தான் அவருக்கு அதிகத் தைரியம் வேண்டியிருந்தது.