கேள்வி எழுதியவள்

பேராசிரியர் தணிகாசலத்துக்குச் செல்போனில் குறிப்பெடுக்கிறவர்களைக் கண்டாலே ஆகாது. அன்று ஜெசிந்தா மாட்டிக்கொண்டாள்.

"போனை மூடு! இந்த செமஸ்டர் முதல் பாடத்தைச் சொல்லு பார்ப்போம்!"

அவள் தடங்கலே இல்லாமல் சொல்லி முடித்தாள். அவருக்கு அது பொறுக்கவில்லை.

"எப்படிப் படிச்ச?"

"நம்ம கிளாஸ் பொன்னரசி பாடத்தையெல்லாம் கேள்வியாக்கி, போன்ல நாங்க சேர்ந்து வெச்சிருந்த குறிப்புல எழுதிவைப்பா சார். நான் பாடத்தைப் பார்க்காம பதில் எழுதுவேன். இன்னமும் அவ கேள்வியை வெச்சுத்தான் படிக்கிறேன்."

"ரெண்டு பேர் சேர்ந்து எழுதினா அது காப்பி! அவளை இப்பவே கூட்டிட்டு வா. இல்லாட்டி உனக்கு இன்டர்னல் மார்க் பூஜ்ஜியம்!"

ஜெசிந்தா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சரி சார். அதுக்கு முன்னாடி எல்லாரையும் ஒரு நிமிஷம் எழுந்து நிக்கச் சொல்லுங்க. போன மாசம் அவ இறந்தப்போ நீங்கதானே அப்படிச் சொன்னீங்க?"

தணிகாசலம் சொல்லாமலே வகுப்பு மொத்தமும் எழுந்து நின்றது.