ஆறு கேட்ட அக்கரை

ஒரு காட்டில் மரங்களை விட வீடுகள் அதிகமாகிவிட்டன. பொந்தும் புற்றும் வளையும் கூடுமாக நெருங்கி நெருங்கி, கடைசியில் அது ஒரு நகரமாகவே ஆகிவிட்டது. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. இன்னும் அதைக் காடு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் காட்டு நகரத்தின் நடுவே நெளியாறு ஓடியது. ஓடியது என்று ஒரு மரியாதைக்குத்தான் சொல்கிறேன். ஒரு காலத்தில் பெயருக்கு ஏற்றபடி வளைந்தும் நெளிந்தும் போன ஆறு அது. அதை நேராக்கி, இரண்டு பக்கமும் கல்சுவர் எழுப்பி, சாக்கடை போல ஆக்கிவைத்திருந்தார்கள். பக்கத்தில் போனால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். யானைக்கு அது எவ்வளவு சிரமம் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள், குழந்தைகளே!

இக்கரையில் ஊர் இருந்தது. அக்கரையில் ஒரு பெரிய வெட்டவெளி கிடந்தது. ஊருக்கு அமைச்சரான நரி அதை வளைத்துப் போட்டிருந்தது. என்றாவது ஒருநாள் அங்கே மாளிகை கட்டிக்கொள்ளலாம் என்று அதற்கு ஆசை. அதுவரை ஊர்க் குப்பையை எல்லாம் அங்கே கொட்டி மேடாக்கி வைத்திருந்தது.

ஒவ்வொரு ஐப்பசியிலும் மழை பிடித்துக்கொள்ளும். பெருகி வரும் தண்ணீருக்கு இரண்டு சுவருக்கும் நடுவே இடம் போதாது. அது மேலே மேலே எழும்பி, இக்கரைச் சுவரைத் தாண்டி, நேரே வளைத்தெருவுக்குள் புகுந்துவிடும். முயல், கீரி, முள்ளம்பன்றி என்று நாற்பது குடும்பங்கள் தரைக்கடியில் வளை தோண்டி வாழ்ந்த தெரு அது.

அந்த வருடம் மழைக்காலம் நெருங்கியதும் வளைத்தெரு முயல் தன் ஐந்து குட்டிகளையும் இழுத்துக்கொண்டு யானைத் தலைவியிடம் போனது.

"அம்மா, போன வருசம் கழுத்து வரைக்கும் தண்ணி. குட்டிகளைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு நின்னேன். இந்த வருசமும் அப்படியே விட்டுடுவீங்களா?"

யானைத் தலைவி நல்லவள்தான். ஆனால் எதற்கெடுத்தாலும் அமைச்சரின் முகத்தைப் பார்ப்பாள். அன்றும் பார்த்தாள்.

நரி தொண்டையைச் செருமிக்கொண்டது. "தாயே, நாற்பது மரத்துல ஒரு வாசகம் செதுக்கி வைப்போம். 'ஆற்றுக்கு நம் அக்கறை தேவை.' படிக்கிறவங்க மனசெல்லாம் உருகிப்போயிடும்."

"உருகினா வெள்ளம் வராதா?" என்று கேட்டது முயல்.

"முதல்ல உருகட்டும். அப்புறம் பார்க்கலாம்" என்றது நரி. வாசகத்தை எழுதிக் கொடுக்கக்கூட அதற்குப் பொறுமை இல்லை. மரங்கொத்தியைக் கூப்பிட்டு வாயாலேயே சொல்லிவிட்டு, தங்கை வீட்டு விருந்துக்குப் பன்னிரண்டு நாள் பயணமாகக் கிளம்பிவிட்டது.

இந்த மரங்கொத்தியின் பெயர் செம்பி. ஊரில் எந்த அறிவிப்பாக இருந்தாலும் அவள்தான் மரத்தில் செதுக்குவாள். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். காகம் ஒருமுறை கரைந்து முடிப்பதற்குள் ஒரு வரியை முடித்துவிடுவாள். ஒரே ஒரு குறை. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது மட்டும் அவளுக்கு எப்போதும் குழப்பம்.

அதற்காகவே ஊரில் ஓர் ஆந்தையை வைத்திருந்தார்கள். எழுத்துப் பிழை பார்ப்பது அதன் வேலை. செம்பி ஆந்தையின் பொந்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஆந்தையக்கா, அக்கறைக்கு எந்த ர? சின்ன ரவா, பெரிய றவா?"

நல்ல வெயில் நேரம். ஆந்தை உறங்கிக்கொண்டிருந்தது. "ம்ம்..." என்று மட்டும் பதில் வந்தது.

பொழுது சாயும் வரை காத்திருந்தால் கேட்டிருக்கலாம். செம்பிக்குக் காத்திருக்க வருமா? அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். 'ஆற்றுக்கு என்பதிலேயே ஒரு பெரிய ற வந்துவிட்டது. ஒரே வரியில் இரண்டு பெரிய ற எதற்கு? பார்க்க நன்றாக இருக்காது.'

டொக் டொக் டொக்! உச்சிவேளைக்குள் நாற்பது மரங்களிலும் வேலை முடிந்தது. செம்பிக்கு அலகு வலித்தாலும் மனம் நிறைந்திருந்தது.

முதலில் அதைப் படித்தவை எருமைகள். எருமைக் கூட்டத்துக்குத் தலைவன் காரி. எழுதியிருப்பதை எழுத்து எழுத்தாகப் படித்து, படித்தபடியே செய்வது அவன் வழக்கம். 'இங்கே நிற்கவும்' என்று ஒரு மரத்தில் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, ஒருமுறை இரண்டு நாள் அங்கேயே நின்றவன் அவன்.

"ஆற்றுக்கு... நம்... அக்கரை... தேவை" என்று படித்தான் காரி. "அடேய், ஆறு நம்மகிட்ட அக்கரையைக் கேக்குதுடா!"

"கேட்டா குடுத்துட வேண்டியதுதானேண்ணே" என்றது இன்னொரு எருமை.

அவ்வளவுதான் பேச்சு. முப்பது எருமைகளும் பாலத்தைக் கடந்து அக்கரைக்குப் போயின. கொம்பைக் கொடுத்து முட்டியதில் கல்சுவர் பொலபொலவென்று சரிந்தது. காட்டுப்பன்றிகள் சத்தம் கேட்டு வந்தன. தோண்டுகிற வேலை என்றால் அவற்றுக்குச் சொல்லவா வேண்டும்? குப்பைமேட்டைக் கிளறி, ஊருக்கு வெளியே இருந்த பாழ்ங்குழியில் கொண்டுபோய்த் தள்ளின. அடியில் ஆற்றின் பழைய வளைவுகள் மண் மூடிக் கிடந்தன. பன்றிகள் அவற்றையும் விடாமல் தோண்டித் திறந்துவிட்டன. இடித்த கற்களை வீணாக்காமல் எருமைகள் சுமந்துவந்து, இக்கரைச் சுவரை ஒட்டி, ஏறி இறங்கப் படிகளாக அடுக்கின.

நாற்றத்துக்குப் பயந்து ஊரில் வேறு யாரும் ஆற்றுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இது எல்லாம் நடந்தபோது செம்பி என்ன செய்துகொண்டிருந்தாள்? ஊரின் மறுகோடியில் தன் வாசகம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று அணில்களிடம் பீற்றிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் மாலை, ஆந்தை சோம்பல் முறித்துக்கொண்டு வெளியே வந்தது. அத்தனை நாளும் இரை தேடும் அவசரத்தில் கவனிக்காத எதிர்மரத்தை அன்றுதான் படித்தது. கண்ணை இன்னும் பெரிதாக்கிக்கொண்டு மறுபடி படித்தது.

"ஏண்டி செம்பி! அக்கறைக்குப் பெரிய ற ஆச்சே! சின்ன ர போட்டா எதிர்க்கரைன்னு இல்ல ஆயிடும்?"

செம்பி சட்டென்று இறக்கையை விரித்தாள். ஆற்றுப் பக்கம் பறந்து போனாள். அக்கரையில் சுவர் இருந்த இடத்தில் சுவர் இல்லை. வானத்திலோ மேகம் திரண்டு கறுத்திருந்தது.

"காரியண்ணே! அது எழுத்துப் பிழைண்ணே! சுவரைத் திருப்பிக் கட்டிடுங்க!"

காரி அசைபோடுவதை நிறுத்தவில்லை. "பிழையா? படிச்சப்ப நியாயமாத்தானேம்மா இருந்துச்சு."

மழையின் முதல் துளி செம்பியின் கொண்டையில் விழுந்தது. 'சுவர் இருக்கும்போதே கழுத்து வரைக்கும் தண்ணீர். பாதிச் சுவர் போன பிறகு என்ன ஆகும்?' அவளுக்கு முயலின் ஐந்து குட்டிகள்தான் கண்முன் வந்தன. பேசாமல் இருந்தால் பிழை யாருக்கும் தெரியாது. ஆந்தையையும் காரியையும்கூடக் கெஞ்சிக் கூத்தாடிச் சரிக்கட்டிவிடலாம். ஆனால் வளைத்தெருவில் நாற்பது குடும்பமும் எதுவும் தெரியாமல் உட்கார்ந்திருக்குமே!

செம்பி நேரே யானைத் தலைவியிடம் போனாள். "அம்மா, நான் ஒரு எழுத்தைத் தப்பாப் போட்டுட்டேன். அதனால அக்கரைச் சுவரே போயிடுச்சு. வளைத்தெரு ஆளுங்களை உடனே மேட்டுக்கு ஏத்திடுங்க. என்னை அப்புறம் என்ன வேணா பண்ணுங்க."

விருந்து முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்த நரி இதைக் கேட்டதும் தாம்தூம் என்று குதித்தது. "என் இடம்! என் மாளிகை! தாயே, ஊரே முழுகப் போகுது. இவளை இப்பவே ஊரை விட்டுத் துரத்துங்க!"

யானைத் தலைவி எழுந்து வானத்தைப் பார்த்தாள். பிறகு, "முதல்ல எல்லாரும் மேட்டுக்குப் போகட்டும். வளைத்தெருவுல தண்ணி புகுந்துச்சுன்னா, செம்பி, நீ இந்த ஊர்ல இருக்க முடியாது. மழை விட்டதும் பார்ப்போம்" என்றாள்.

மூன்று நாள் மழை. விடாத மழை. மேட்டில் ஈரத்தோடு ஈரமாக எல்லோரும் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். முயலின் குட்டிகளில் ஒன்று, "நம்ம வீடு இருக்குமாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. செம்பி யார் முகத்தையும் பார்க்கவில்லை. இந்த ஊரை விட்டால் வேறு ஊர் அவளுக்குத் தெரியாது.

நான்காம் நாள் காலையில் மழை விட்டது. "நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்" என்று செம்பியே கிளம்பினாள்.

வளைத்தெருவுக்கு மேலே வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். பறக்கும்போது கண்ணை மூடலாமா? ஒரு கிளையில் முட்டிக்கொண்டு தொப்பென்று கீழே விழுந்தாள்.

விழுந்த இடம் தண்ணீர் இல்லை. தரை! மழையில் நனைந்த தரை, அவ்வளவுதான். செம்பி தத்தித் தத்தி முதல் வளைக்குள் தலையை நீட்டினாள். கீரி விரித்துவைத்த வைக்கோல் விரித்தபடியே காய்ந்து கிடந்தது. அடுத்த வளையும் அப்படித்தான். அதற்கடுத்ததும் அப்படித்தான். நாற்பது வளைக்குள்ளும் போய்ப் பார்த்தாள். ஒன்றிலும் வெள்ளம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகுதான் அவளுக்கு ஆற்றைப் பார்க்கத் தைரியம் வந்தது. நெளியாறு அக்கரை முழுவதும் பரவி, பழைய வளைவுகளில் எல்லாம் நிறைந்து, ஏரி போல அமைதியாகக் கிடந்தது. முன்பு இடமில்லாமல் எழுந்து நின்ற வெள்ளம் இப்போது காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. இக்கரைச் சுவரின் உச்சிக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு முழம் இருந்தது.

செம்பிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "காஞ்சு கிடக்கு! எல்லா வீடும் காஞ்சு கிடக்கு!" என்று கத்திக்கொண்டே மேட்டுக்குப் பறந்தாள்.

முயல் அதை நம்பவில்லை. ஓடிப்போய்த் தன் வளைக்குள் புகுந்து, ஒரு பிடி உலர்ந்த புல்லை வாயில் கவ்விக்கொண்டு வெளியே வந்தது. ஐந்து குட்டிகளும் அந்தப் புல்லின் மேலேயே விழுந்து புரண்டன. "அப்பாடா!" என்று முயல் உட்கார்ந்துவிட்டது. மூன்று நாளாக அது உட்காரவே இல்லை.

சில வாரங்களில் தண்ணீர் வடிந்தது. அக்கரையில் கோரையும் நாணலும் தழைத்தன. எங்கிருந்தோ நாரைகள் வந்தன. நீர்நாய் ஒன்று குடும்பத்தோடு குடியேறியது. குப்பை போனதால் நாற்றமும் போய்விட்டது. மாலையானால் ஊரே எருமைகள் அடுக்கிய படிகளில் வந்து உட்கார்ந்து காற்று வாங்கியது. யானைத் தலைவி தும்பிக்கையில் தண்ணீரை மொண்டு குட்டிகள் மேல் பீய்ச்சி விளையாடினாள்.

ஊர் மகிழ்ச்சியாக இருப்பதைப் பார்த்ததும் நரி மெல்ல முன்னால் வந்தது. "தாயே, எல்லாம் நான் சொன்ன வாசகத்தோட மகிமை" என்று பல்லைக் காட்டியது.

யானைத் தலைவி இந்த முறை அதன் முகத்தைப் பார்க்கவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டே, "நீ சொன்னது பெரிய ற, அமைச்சரே. வேலை செஞ்சது சின்ன ர" என்றாள்.

படியெல்லாம் சிரிப்பு. நரிக்கு அசடு வழிந்தது.

"அம்மா, நாற்பது மரத்துலயும் திருத்திடட்டுமா?" என்று செம்பி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"வேண்டாம். அதுதான் சரி. நீ போய்த் தண்ணியில இறங்கு" என்றாள் யானைத் தலைவி.

செம்பி ஆற்றில் குளித்ததே கிடையாது. கடைசிப் படியில் நின்று ஒரு காலை விட்டுப் பார்த்தாள். பிறகு இறக்கையை விரித்து, முயல் குட்டிகள் மேலெல்லாம் தெறிக்கும்படி சடசடவென்று அடித்துக்கொண்டு நன்றாகக் குளித்தாள்.

நீதி: ஆற்றுக்கு உரிய இடத்தை ஆற்றுக்கு விட்டுக்கொடுத்தால், நமக்கு உரிய இடத்தை அது நமக்கு விட்டுவைக்கும்.