கடைசி நாற்காலி

“இன்னிக்கும் யாராவது எனக்கு விட்டுக்கொடுத்தீங்கன்னா, இனிமே வெள்ளிக்கிழமை மியூசிக்கல் சேரே கிடையாது!” தலைமையாசிரியர் தணிகாசலம் கத்தினார். ஆசிரியர்களான எங்களுக்கு வாரத்தில் இருந்த ஒரே சிரிப்பு அதுதான். ஆனால் அவரை முந்தி உட்கார யாருக்குத் துணிச்சல்?

“நான் பாத்துக்கறேன் டீச்சர்,” என்றாள் மணியடிக்கும் ராக்கம்மா.

கடைசி நாற்காலியைத் தலைமையாசிரியரும் ஓவிய ஆசிரியை ரோஸலினும் சுற்றினார்கள். மணி கேட்டதும் உட்கார வேண்டும். ராக்கம்மா பீரியட் முடிகிற மாதிரி நீளமாக அடித்தாள். இருபது வருஷப் பழக்கத்தில் அவர் வகுப்புகளைப் பார்வையிட வராந்தாவுக்கு நடந்துவிட்டார். ரோஸலின் உட்கார்ந்தார்.

“என்ன ராக்கம்மா இது?”

“யாரும் விட்டுக்கொடுக்கல சார். நீங்களேதான் ரவுண்ட்ஸ் போயிட்டீங்க.”

முதலில் சிரித்தது அவர்தான். இன்றும் அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்கிறது.

அடுத்த ஆட்டத்துக்கு அவர் ராக்கம்மாவுக்கென்று ஒரு நாற்காலியைக் கூடுதலாகப் போட்டுவிட்டு, அவள் கையிலிருந்த மணியடிக்கும் சுத்தியலை வாங்கிக்கொண்டார்.