ரோமாபுரிச் சுவரில் கடம்பத்துறை

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்தொன்பது. அதில் இருவருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

குரு மரகதவல்லி உலக வரலாறு கற்பிப்பவர். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, ஓவியங்களையும் பழைய வரைபடங்களையும் நேரில் பார்த்துப் படியெடுக்கச் சொல்வார். கை வரைந்தால்தான் கண் பார்க்கும் என்பார். அந்த வருடம் மாணவர்களை இத்தாலிக்கே அழைத்துப் போனார். கடலோரம் பாழடைந்து கிடந்த ஒரு ரோமானிய ஊரில், கூரை போன மண்டபமொன்றின் சுவரில், அன்றைய உலகம் வரைபடமாகத் தீட்டப்பட்டிருந்தது.

சீடர் சிங்காரவேலு நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கோடு போட்டால் மயிரிழை பிசகாது. சுவரை அப்படியே தாளில் இறக்கிக்கொண்டு வந்தவர் கிழக்கு மூலையில் நின்றுவிட்டார். தமிழ்க் கடற்கரை இருக்க வேண்டிய இடத்தில் காரை பெயர்ந்து உள்ளங்கையளவுக்குக் குழி விழுந்திருந்தது.

படியெடுப்பதில் மரகதவல்லிக்கு ஒரே சட்டம்தான். சுவரில் பெயர்ந்த இடம் தாளிலும் வெள்ளையாகவே இருக்க வேண்டும்.

சிங்காரவேலுவுக்குப் பொறுக்கவில்லை. பேர் தெரியாத பட்டிதொட்டிக்கெல்லாம் பெயர் போட்டிருக்கிறான், நம் கரைக்கு மட்டும் ஓட்டையா? சுவரில் இருந்த அதே பழைய லத்தீன் எழுத்தில், அதே மங்கிய சிவப்பில், தன் சொந்த ஊரின் பெயரை அங்கே எழுதினார். கடம்பத்துறை. எழுதிய சூட்டோடு படம் பிடித்து, ரோமாபுரிச் சுவரின் படி என்று ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பிவிட்டார். ஆசை வெட்கம் அறியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

மறுநாள் காலைக்குள் ஊர் அமர்க்களப்பட்டது. 'அன்றே ரோமாபுரி அறிந்த கடம்பத்துறை' என்று பேருந்து நிறுத்தத்தில் பேனர் ஏறியது. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் பிள்ளைகளை அதையே வரையச் சொல்லிவிட்டார்.

கைபேசிக்கு ஒரு படம் வந்தது. ஒரு சிறுமி தான் வரைந்த உலகத்தைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அதில் ரோமாபுரியைவிடக் கடம்பத்துறை பெரிதாக இருந்தது. சிங்காரவேலு கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். வேலை பார்த்த காலமெல்லாம் ஒரு பொய்க்கோடு போட்டறியாத மனிதர் அவர்.

அந்த நேரம் பார்த்து மரகதவல்லி வந்தார். சுவரைப் பார்த்தார். தாளைப் பார்த்தார்.

"எழுத்து அச்சு அசலா இருக்கு ஐயா."

சிங்காரவேலுவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"அம்மா, அது நான் எழுதினது."

"தெரியும்."

"ஊரே நம்பிருச்சும்மா. பேனர் வெச்சுட்டாங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வேற வரையுதுங்க. அழிச்சிடட்டுமா?"

"தாளுல அழிச்சிடலாம். பிள்ளைங்க மனசுல?"

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டும்மா அவங்ககிட்ட சொல்றது?"

"இருக்கிறது ஒரு மூஞ்சிதானே ஐயா. அதை வெச்சுக்கிட்டுத்தான்."

மரகதவல்லி உடைந்த தூண் ஒன்றின் அடியில் உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து நகர்வதாகத் தெரியவில்லை. சிங்காரவேலு கைபேசியில் தலைமையாசிரியரைக் கூப்பிட்டார். அவரோ சந்தோஷம் தாங்காமல், "பிள்ளைங்களும் கேக்கட்டும் சார்" என்று ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார். வகுப்பே கைதட்டியது.

கைதட்டல் ஓயும்வரை சிங்காரவேலு கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"அந்தச் சுவத்துல நம்ம ஊர் பேரு இல்ல. அங்க காரை பேந்து கெடக்கு. என்ன எழுதியிருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. பேரை நான்தான் எழுதினேன். தப்புப் பண்ணிட்டேன்."

அந்தப் பக்கம் யாரோ ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். சிங்காரவேலுவுக்குக் காது மடலெல்லாம் எரிந்தது.

பிறகு ஒரு சிறுமியின் குரல் கேட்டது.

"அப்ப அந்தக் காலத்துல நம்ம ஊரே இல்லையா தாத்தா?"

சிங்காரவேலு கைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு குருவின் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா சொல்லட்டும்?"

"உங்க ஊரோட கிராம வரைபடம் யார் போட்டது?"

"நான்தாம்மா. உப்பளம், ஓடை, சுடுகாடு எல்லாம் நான் போட்டதுதான்."

"அதுல ரோமாபுரியை எங்க போட்டீங்க?"

"அதுல எப்படிம்மா ரோமாபுரி வரும்?"

"படத்துல இல்லேன்னா ரோமாபுரியே இல்லைன்னு ஆயிடுமா? அதையே அந்தப் பிள்ளைகிட்ட சொல்லுங்க ஐயா."