டிராக்டருக்குக் கீழே ஒரு சட்டி

மலையடிவார ஆசிரமத்தில் ஆவுடையப்பனிடம் ஒரு டிராக்டரும் ஒரு கோபமும் இருந்தன. டிராக்டரை ஆசிரமம் கொடுத்தது. கோபத்தை அவரே ஊரிலிருந்து கொண்டுவந்திருந்தார்.

கோபமெல்லாம் சமையல்காரர் கொம்பையா மேல்தான். நாள் தவறாமல், விடிந்ததும் குருவிடம் வந்து கொம்பையாவின் குற்றங்களை ஒப்பித்துவிட்டுத்தான் பல் தேய்ப்பார். முந்தின நாள் கரண்டியையே வீசிவிட்டார். நல்லவேளை, அது குறி தவறிச் சாம்பாரில் விழுந்தது.

"இன்னொரு கரண்டி பறந்தா நீங்க ஊருக்கு மூட்டை கட்டணும், அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டார் குரு உலகம்மைத் தாயார். சீடர் வயதில் மூத்தவர் என்பதால் அவரை அண்ணாச்சி என்றுதான் அழைப்பார்.

ஆவுடையப்பனுக்கு ஊருக்குத் திரும்ப வழியில்லை. அங்கே அவரோடு பேச்சுவார்த்தையில் இருப்பவர் ஒருவரும் மிச்சமில்லை.

"தாயே, இந்தக் கோவம் எங்கேருந்துதான் வருது?"

"டிராக்டர் எண்ணெய் ஒழுகுதே, அது எங்கேருந்து வருது?"

"தெரியலையே."

"முதல்ல அதைக் கண்டுபிடிங்க."

ஆவுடையப்பன் டிராக்டருக்கு அடியில் புகுந்தார். சொட்டும் இடத்தில் கண்ணில்பட்ட போல்ட்டை எல்லாம் இறுக்கினார். சொட்டியது. கொம்பையாவின் இட்லிச் சட்டியைக் கேட்காமல் எடுத்துவந்து கீழே வைத்தார். அதிலும் சொட்டியது.

"விறகு ஏத்தப் போன இடத்துல கொம்பையாதான் எதுலயோ இடிச்சிருப்பான், தாயே. அவன் கை பட்டா எது உருப்படும்?"

தாயார் ஒரு கந்தல் துணியை நீட்டினார். "துடைச்சுப் பாத்தியளா?"

"ஒழுகுறதைத் துடைச்சு என்ன பிரயோசனம்?"

"துடைங்க."

முணுமுணுத்துக்கொண்டே இன்ஜின் முழுக்கத் துடைத்தார். வண்டியை ஓடவிட்டு இருவரும் குத்தவைத்துப் பார்த்தார்கள். அடியில் ஒன்றுமில்லை. மேலே, இன்ஜின் மூச்சு விடும் குழாயில் எண்ணெய் நுரைத்து எட்டிப்பார்த்தது. அங்கிருந்து பக்கவாட்டில் வழிந்து, சாவகாசமாகக் கீழே வந்து சொட்டியது.

வண்டியை நிறுத்திச் சற்றுப் பொறுத்து, தாயார் எண்ணெய் அளக்கும் கம்பியை உருவினார். கம்பியின் மேல் அளவுக்கோட்டைத் தாண்டி எங்கேயோ ஏறியிருந்தது எண்ணெய்.

"யாரு இம்புட்டு ஊத்துனது?"

"நான்தான். ஒருநாள் கீழே ஒரு சொட்டு கிடந்துச்சு. குறைஞ்சிருக்குமேன்னு தினமும் காலையில ஒரு தம்ளர்..." ஆவுடையப்பனுக்கே வெட்கமாகப் போயிற்று.

"கம்பியைப் பாக்கலியா?"

"அதான் சொட்டுறதைக் கண்ணால பாத்தேனே, தாயே!"

தாயாருக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. கூடுதலாக இருந்த எண்ணெயை வடித்ததும் ஒழுகல் நின்றது. சட்டிதான் கொம்பையாவிடம் காட்டும் நிலையில் இல்லை.

மறுநாள் விடிந்ததும் ஆவுடையப்பன் வழக்கம்போல வந்து நின்றார்.

"தாயே, ஒரு சட்டிக்காக இந்தக் கொம்பையா நேத்து என்ன பேச்சுப் பேசிட்டான் தெரியுமா? போன மாசம் ரசத்துல என்ன பண்ணினான்னா..."

வாசல் பெருக்கிக்கொண்டிருந்த தாயார் நிமிரவில்லை.

"இன்னைக்கு எத்தனை தம்ளர், அண்ணாச்சி?"

ஆவுடையப்பன் திறந்த வாயை மூடிக்கொண்டு, சட்டியைத் தேய்க்கப் போனார்.