நீல ரத்தத்தாரின் ஊருணி

முன்னொரு காலத்தில், கும்பினித் துரைமாருக்கு விருந்து வைத்தே கஜானாவைக் கரைத்த ராஜா ஒருவர் மருங்கூர்ச் சீமையை ஆண்டார். பெயர் விசயகண்டர். ஒரு விருந்தில், வயிறு நிறைந்த துரை அவரை "ப்ளூ-பிளடட்" என்று புகழ்ந்துவிட்டுப் போனார். நீல ரத்தம் உடையவர், அதாவது உயர்குடியில் பிறந்தவர் என்று துபாஷி மொழிபெயர்த்தார்.

அரண்மனை அதிகாரி சேனாதிராயருக்குக் கொண்டாட்டம். தன் வெளுத்த மணிக்கட்டில் ஓடும் நீல நரம்பைக் காட்டி, தனக்கும் அதே ரத்தம்தான் என்றார். கீழத்தெருவில் பிறந்த முத்திருளன் மந்திரியாகி ராஜாவின் பக்கத்தில் உட்காருவதில் அவருக்கு வெகுநாள் புகைச்சல். நீல நரம்பு தெரியாத எவரும் ஊருணியில் கால் வைக்கக் கூடாது என்று ஆணை வாங்கிவிட்டார். படித்துறையில் காவலன் நின்று ஒவ்வொருவர் மணிக்கட்டையும் பார்த்தான். சித்திரை வெயிலில் கீழத்தெருப் பெண்கள் வெறுங்குடத்தோடு திரும்பினார்கள். மந்திரியின் அக்காள் காளியம்மையும் அவர்களில் ஒருத்தி.

கெஞ்சினால் ராஜா இன்று இறங்குவார், நாளை மறுபடி முருங்கை மரம் ஏறிவிடுவார் என்று முத்திருளனுக்குத் தெரியும். சபையில் பணிவாக எழுந்தார்.

"மகாராஜா, இது குடிமராமத்து மாதம். கீழத்தெரு ஆட்கள்தான் வருஷாவருஷம் ஊருணியில் இறங்கித் தூர் வாருவார்கள். இனி அவர்கள் கால் படக்கூடாதே?"

"அதனால்?"

"நீல ரத்தத்தார்தான் வார வேண்டும். சேனாதிராயர் இருக்கிறாரே."

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். "ஓய், நாளைக்கே மண்வெட்டி எடும்" என்றார்.

சேனாதிராயர் சேற்றில் இறங்கினார். கை கொப்புளித்தது, சில நாளில் தோல் உரிந்து கறுத்தது. ராஜா குடை பிடித்து வேடிக்கை பார்க்க வந்த நாளில், சேனாதிராயர் கரையேறிச் சாப்பிட்டுவிட்டு நாக்கு வறளத் தண்ணீருக்குத் திரும்பினார். காவலன் அவர் மணிக்கட்டைப் புரட்டிப் பார்த்தான். நரம்பு தெரியவில்லை.

"தள்ளி நில்லும்."

"அடே, நான் சேனாதிராயர்."

"முகத்தைப் பார்க்கச் சொல்லி ஆணை இல்லையே ஐயா."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "முத்திருளா, இவர் ரத்தம் எங்கே போயிற்று?"

"எங்கும் போகவில்லை மகாராஜா. துபாஷியிடம் விசாரித்தேன். ஸ்பெயின் தேசத்துப் பிரபுக்கள் கிளப்பிவிட்ட பேச்சாம். வயலில் வேகிறவன் தோலில் நரம்பு தெரியாது. கோட்டைக்குள் இருக்கிறவன் தோல் வெளுத்து நீலமாய்த் தெரியும். அதையே பிறப்பின் பெருமையாக்கிக்கொண்டார்கள். இங்கிலீஷ்காரன் அதை வாங்கிக்கொண்டான். வெயில் படாதவன் என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் ஒன்றுமில்லை."

ராஜாவின் சிரிப்பு நின்றது. எல்லார் கண்ணும் அவர் கை மேல் இருந்தது. கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டு, ஆணை ரத்து என்றார். மந்திரிக்கு முத்துமாலை கொடுத்தார். மீதித் தூரையும் சேனாதிராயரே வாரி முடிக்க வேண்டும் என்றார்.

முதலில் இறங்கியவள் காளியம்மை. குடத்தை நிறைத்துக்கொண்டு ஏறும்போது, கரையில் நின்ற சேனாதிராயரைப் பார்த்தாள். குடத்தைச் சாய்த்தாள். எந்தத் தெருக்காரி என்று கேட்காமல், அவர் குனிந்து இரண்டு கையும் ஏந்திக் குடித்தார்.